‘ஸ்டாஃப்’ என்று சொல்லி ஓ.டி. மறுக்க முடியுமா?

கேள்வி: ஐயா, கருங்கல் பக்கம் ஒரு அண்டியாபீஸில் (முந்திரிப் பருப்பு ஆலை) ஆறு வருஷமாக சூப்பர்வைசராக இருக்கிறேன். மொத்தம் 24 பேர் வேலை பார்க்கிறோம். அதில் 13 பேர் மாற்றுத்திறனாளிகள். காது கேளாதவர்களும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் அதிகம். தோல் எடுப்பது, கிரேடிங், பேக்கிங் மூன்றையும் நான்தான் பார்க்கிறேன். காலை 7.30-க்கு வேனிலிருந்து அவர்களை இறக்குவதில் தொடங்கி மாலை 6.30-க்கு ஏற்றி அனுப்பும் வரை என் பொறுப்பு. மத்தியானம் அவர்களுக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து நானும் சாப்பிடுவேன். சம்பளம் 19,500 ரூபாய் (அடிப்படை 9,000, வீட்டு வாடகைப்படி 5,500, பயணப்படி 5,000). ஓ.டி. (கூடுதல் நேர வேலைக்கான சம்பளம்) கேட்டால் ‘நீங்க ஸ்டாஃப்’ என்கிறார்கள். பருப்பு உடைசல் கூடிவிட்டது என்று இரண்டு மாதமாக 1,500 வீதம் பிடித்துவிட்டார்கள். போன மாதம் காது கேளாத ஒரு பையனின் விரல் கன்வேயரில் சிக்கி எலும்பு முறிந்தது. ‘என் கவனக்குறைவால் நடந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். இல்லையென்றால் வேலையை விட்டுப் போகலாமாம். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, ஓ.டி. கணக்குக்குப் பிறகு வருவோம். முதலில் அந்தக் கடிதம். அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்தப் பையனுக்கு நிவாரணம் கிடைக்க உங்கள் கடிதம் எந்த வகையிலும் தேவையில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலைக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கட்டாயம். மற்ற தொழிலாளிக்கு மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய் என்றால், மாற்றுத்திறனாளிக்கு 25,000. வேலையில் அடிபட்டால் வேலைக்கு வர முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 விழுக்காடு இ.எஸ்.ஐ. தரும், யார் தவறு என்று அது பார்ப்பதில்லை. விபத்து அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டியது முதலாளி. அனுப்பினார்களா என்று கேளுங்கள். ‘அவன் பயிற்சிக்குத்தான் வந்தான்’ என்று சொல்லி இ.எஸ்.ஐ.-யில் பெயரே சேர்க்காமல் வைத்திருப்பது இப்படிப்பட்ட இடங்களில் சாதாரணமாக நடக்கிறது. அப்படி விட்டிருந்தாலும் பையனின் உரிமை போய்விடாது. இ.எஸ்.ஐ. கழகம் அவனுக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளும். அவன் வீட்டாரை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

அப்படியானால் கடிதம் எதற்கு? பொறுப்பை உங்கள் தலையில் இறக்கி வைக்க. எலும்பு முறிவு சட்டத்தின் பார்வையில் கொடுங்காயம். அலட்சியத்தால் கொடுங்காயம் உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 125-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. நாளைக்குப் போலீஸ் விசாரணை வந்தால், உங்கள் கையெழுத்தோடு இருக்கும் அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். பெல்ட்டும் உருளையும் சேரும் இடத்தில் மறைப்புத் தகடு போடுவதும், கைக்கு எட்டும் தூரத்தில் நிறுத்தும் பொத்தான் வைப்பதும், காது கேளாதவர் வேலை செய்யும் இடத்தில் மணியோடு மினுக்கும் விளக்கும் பொருத்துவதும் முதலாளியின் கடமை. சூப்பர்வைசர் ஓடி ஓடிக் கத்தினால் காது கேளாதவருக்கு என்ன பயன்?

அந்தக் கடிதத்துக்குப் பதிலாக நீங்களே ஒரு குறிப்பு எழுதுங்கள்: தேதி, நேரம், எந்த மெஷின், தகடு இருந்ததா, கழற்றி வைக்கச் சொன்னது யார், விளக்கு இருந்ததா, அந்த நேரத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள், இதற்கு முன்பு யாரிடம் எப்போது சொன்னீர்கள். உண்மையை மட்டும் எழுதுங்கள். யாரையும் குற்றம் சாட்ட வேண்டாம். மெஷினைப் போட்டோ எடுத்து வையுங்கள், ஏனென்றால் விபத்துக்குப் பிறகு தகடு திடீரென்று முளைப்பது வழக்கம். ஒருவேளை மிரட்டலில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால், மறுநாளே ‘கட்டாயத்தின் பேரில் எழுதியது, உண்மை இதுதான்’ என்று பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். நாள் கடந்தால் அந்த மறுப்புக்கு வலு குறையும்.

இனி ஓ.டி. ‘ஸ்டாஃப்’ என்ற வார்த்தைக்குச் சட்டத்தில் இடமில்லை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றில் ஊதியச் சட்டத் தொகுப்பு ‘பணியாளர்’ என்பதில் மேற்பார்வையாளரையும் சேர்த்தே சொல்கிறது. குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்ட பணியாளர், வழக்கமான நேரத்துக்கு மேல் வேலை செய்தால் இரண்டு மடங்கு வீதம் தர வேண்டும் என்கிறது அதன் 14-வது பிரிவு. மேற்பார்வையாளர் என்பதற்காக அதில் விலக்கு இல்லை.

மற்ற தொகுப்புகளில் ஒரு வரம்பு இருக்கிறது. மேற்பார்வை வேலையில் மாதக் கூலி 18,000 ரூபாய்க்கு மேல் என்றால் அவர் ‘தொழிலாளி’ இல்லை. உங்கள் முதலாளி 19,500-ஐக் காட்டி இதைத்தான் சொல்வார். ஆனால் கூலி என்பது கையில் வாங்கும் மொத்தத் தொகை அல்ல. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்தான் கூலி. வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை சேராது. அந்தப் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகை மட்டும் கூலியோடு சேரும். உங்கள் கணக்கில் படிகள் 10,500. மொத்தத்தில் பாதி 9,750. தாண்டியது 750. ஆக உங்கள் கூலி 9,000-மும் 750-மும் சேர்ந்து 9,750 ரூபாய். 18,000-க்கு வெகு கீழே. பி.எஃப். சுமையைக் குறைக்க அடிப்படையைச் சின்னதாக வைத்து ஸ்லிப் போட்டவர்கள், அதே ஸ்லிப்பை வைத்து உங்களை உயர் சம்பளக்காரர் என்று சொல்ல முடியாது.

அடுத்து ‘இவர் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்’ என்பார்கள். அது நிரூபணமானால் சம்பள வரம்பு பார்க்காமலே ‘தொழிலாளி’ என்ற வரையறைக்கு வெளியே போய்விடுவீர்கள். எனவே கவனம். பதவிப் பெயரைப் பார்க்காமல் முக்கியமாகச் செய்யும் வேலை எது என்று பார்க்க வேண்டும் என 1985-ல் அர்க்கல் கோவிந்தராஜ் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் கைகொடுக்கும். ஆளை எடுப்பது, நீக்குவது, லீவு அனுமதிப்பது, மெமோ கொடுப்பது: இதில் எதையாவது நீங்களே முடிவு செய்கிறீர்களா, அல்லது ஆபீசுக்குச் சொல்லி அவர்கள் முடிவு செய்கிறார்களா? ஆட்களுக்கு லீவு கேட்டு நீங்கள் ஆபீசுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள்கூட இதற்குச் சாட்சிதான். அழித்துவிடாதீர்கள்.

வேனுக்குக் காத்திருப்பதும், ஆட்களை ஏற்றி இறக்குவதும் வேலை நேரமே. சாப்பாட்டு நேரத்தில் இருக்கையை விட்டு நகர முடியாமல் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது ஓய்வு ஆகாது. அந்தக் கணக்கில் உங்கள் வேலை நாள் 11 மணி நேரம். எட்டு போக மூன்று மணி ஓ.டி. 9,750-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 375, மணிக்கு 46.88. இரண்டு மடங்கு 93.75. மாதம் 26 நாள், 78 மணி நேரத்துக்கு 7,312 ரூபாய் 50 காசு. இது கீழ்மட்டக் கணக்கு. உங்கள் தொழிலுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியம் பஞ்சப்படியோடு சேர்ந்து 9,750-ஐவிட அதிகமாக இருந்தால் கூலியும் ஏறும், ஓ.டி. வீதமும் ஏறும். அந்தப் பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1-இல் மாறும் என்பதால் நடப்பு அறிவிக்கையையே பாருங்கள். 2025 நவம்பர் 21-க்கு முந்தைய பாக்கிக்குப் பழைய சட்டங்களின் வழி வேறு, காலக்கெடுவும் குறுகியது. அதைத் தனித் தாளில் எழுதி வையுங்கள்.

உடைசலுக்குப் பிடித்த 3,000 ரூபாயை அப்படியே திருப்பிக் கேட்கலாம். உங்கள் பாதுகாப்பில் ஒப்படைத்த பொருள், உங்கள் அலட்சியத்தால் நேரடியாகச் சேதமானால் மட்டுமே சம்பளத்தில் பிடிக்கலாம். அதுவும் உங்களிடம் விளக்கம் கேட்ட பிறகு. இங்கே விளக்கமே கேட்கவில்லை. தவிர, பருப்பு உடைவது பெரும்பாலும் மேஜையில் தொடங்குவதில்லை. போர்மாவில் (பருப்பை உலர்த்தும் சூடான அறை) அதிகம் காய்ந்தால் பருப்பு நொறுங்கும். குறைவாகக் காய்ந்தால் தோல் ஒட்டிக்கொண்டு கத்தியால் சுரண்ட வேண்டிவரும், அப்போதும் உடையும். அந்த இரண்டு மாதத்தில் போர்மாவில் சரக்கு எத்தனை மணி நேரம் இருந்தது, வந்த காய் எந்த லோடு என்று குறித்துக் கேளுங்கள். அந்தப் பதிவு முதலாளியிடம்தான் இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ‘ரெண்டு திட்டுத் திட்டி வேலை வாங்கு’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாற்றுத்திறனாளி ஒருவரை மற்றவர்கள் பார்க்கும் இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 92-வது பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. முதலாளி சொன்னதால் செய்தேன் என்பது அங்கே நிற்காது. வராத நாளுக்கு வந்ததாகவோ, முழு நாள் வேலைக்கு அரை நாள் என்றோ மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) கையெழுத்தும் போடாதீர்கள். அதே சட்டம் உங்களுக்குத் துணையாகவும் இருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம் சம வாய்ப்புக் கொள்கை எழுதி, மாற்றுத்திறனாளிகளுக்கு என்னென்ன வசதி, என்ன பயிற்சி, தொடர்பு அலுவலர் யார் என்று அதில் சொல்ல வேண்டும். அதன் நகலை எழுத்தில் கேளுங்கள். சைகை மொழி தெரிந்த ஒரு உதவியாளர், வலிப்பு வந்தால் பார்க்கப் பயிற்சி பெற்ற ஒருவர், பெண்களைக் கழிப்பறைக்கு அழைத்துப் போக ஒரு பெண் துணை: இந்த மூன்றையும் ஒரே ஆளாகச் சுமக்க வேண்டியதில்லை.

முதலில் முதலாளிக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள்: ஓ.டி. கணக்கு, பிடித்தம், மெஷின் தகடு, மினுக்கும் விளக்கு. ஆபத்தான மெஷின் பற்றிய பகுதியின் நகலைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்துக்கும் அனுப்பலாம். அந்த உரிமை புதிய சட்டத்திலேயே இருக்கிறது. பதினைந்து நாள் பாருங்கள். பதில் இல்லையென்றால் நாகர்கோவில் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். மனுவோடு சம்பள ஸ்லிப், வங்கிக் கணக்கு நகல், நேரம் எழுதிய நோட்டு, வேன் டிரைவர் அனுப்பிய செய்திகள் போதும். பாக்கியைக் கேட்க மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி.

வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவிக்கு உங்களுக்குத் தகுதி உண்டு. மாற்றுத்திறனாளி என்பதால் அடிபட்ட பையனுக்கும் அப்படியே. நாகர்கோவிலில் உள்ள கன்னியாகுமரி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100-க்கு அழைக்கலாம்.

ராஜினாமா கடிதம் மட்டும் நீங்களாக எழுதித் தராதீர்கள். வெற்றுத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். வாயால் ‘வராதே’ என்றால் மறுநாளும் வழக்கமான நேரத்துக்குப் போய் நில்லுங்கள். கேட்டில் தடுத்தால் அந்த நேரத்தைக் குறிப்பிட்டு உடனே செய்தி அனுப்புங்கள். அப்படியும் நீக்கிவிட்டால் பாக்கிச் சம்பளம் முழுவதையும் இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். ஐந்து ஆண்டைத் தாண்டிவிட்டதால் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) உங்களுக்கு உண்டு: ஓர் ஆண்டுக்கு 15 நாள் கூலி, மாதத்தை 26 நாளாக வைத்து. 9,750-க்கு ஆறு ஆண்டுக்கு 33,750 ரூபாய்.