‘திரும்பி வந்தது’ என்ற கட்டம் ஏன் காலியாக இருக்கிறது?

கேள்வி: 34 வருடமாகக் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். இன்னும் 5 மாதத்தில் ஓய்வு. பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்காது என்பது எனக்கே தெரியும். தலைமை ஆசிரியர் பதவி இரண்டு முறை என்னைத் தாண்டி இளையவர்களுக்குப் போய்விட்டது. எங்களுக்குக் குழந்தை இல்லை, தம்பி மகனைத்தான் மகனாக நினைத்தேன். அவனுக்காக என் பெயரில் எடுத்த தனிநபர் கடனுக்கு (14 சதவீத வட்டி, ஓய்வு பெறும்போதும் 42 தவணை பாக்கி இருக்கும்) நான்தான் பணம் கட்டுகிறேன். மனைவிக்கு இது தெரியாது. இப்போது ஓய்வுப் பணத்தைத் தன் தொழிலில் போடச் சொல்கிறான், 3 வருடத்தில் இரட்டிப்பாகத் தருகிறானாம். பழைய மாணவர் ஒருவர் உத்தரவாத வருமானம் தரும் காப்பீட்டுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். பள்ளியில் என் பெயரில் ஒரு பரிசு நிதி வைக்கவும் ஆசை. எதில் எவ்வளவு போடலாம்?

பதில்: சார், வணக்கம். கடிதத்தோடு உங்கள் நோட்டின் ஒரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, பெயர், தொகை, ‘திரும்பி வந்தது’ என்று நான்கு கட்டம். பெயர்கள் 11. கடைசிக் கட்டத்தில் டிக் விழுந்தது இரண்டே இடத்தில். உங்கள் கேள்வியைவிட அந்தப் பக்கத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வட்டி, தவணை, கூட்டு வட்டி எல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் கேட்டிருக்கும் மூன்றும் பார்வைக்கு மூன்று முதலீடு மாதிரி இருக்கிறது, ஆனால் மூன்றுமே ஒரே பழக்கம்தான்: யாராவது அன்பாக வந்து உட்கார்ந்தால் நீங்கள் பேனாவை எடுத்துவிடுகிறீர்கள். வகுப்பில் கிடைக்காத ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 34 வருடம் உழைத்தும் பாராட்டாக ஒரு வார்த்தை வராமல் போனால் யாருக்கும் அப்படித்தான் கை நீளும். சம்பளம் வந்துகொண்டிருந்தவரை அதைத் தாங்க முடிந்தது, இனிமேல் முடியாது.

உங்கள் உண்மையான தொகைகளை இங்கே போடவில்லை. மாதச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் ஓய்வின்போது மொத்தமாகக் கைக்கு வருவது சுமார் 4,000, ஓய்வூதியம் மாதம் 45, வீட்டுச் செலவு 50, தம்பி மகனுக்காகக் கட்டும் தவணை 22. ஓய்வுக்கு அடுத்த மாதமே 45 வந்து 72 போகும், மாதத்துக்கு 27 துண்டு விழும்.

சரி, எல்லோரும் கேட்டதைக் கொடுத்துவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தொழிலுக்கு 1,500, பரிசு நிதிக்கு 300 போக மீதி 2,200. மாதம் 27 துண்டு என்றால் 42 மாதத்தில் 1,134 போய்விடும். காப்பீட்டு பிரீமியம் மாதம் 20, அதே காலத்தில் 840. கையில் மிஞ்சுவது 226. இடையில் வரும் வட்டியை நான் சேர்க்கவில்லை, ஆனால் ஒரு மருத்துவச் செலவைக்கூடத்தான் சேர்க்கவில்லை. மூன்றரை வருடத்தில், வாழ்நாள் சேமிப்பு இரண்டேகால் மாதச் சம்பளமாகிவிடும். பிரீமியமோ அதற்குப் பிறகும் பாதிக் காலம் பாக்கி இருக்கும்.

தம்பி மகன் விஷயத்துக்கு வருகிறேன். 3 வருடத்தில் இரட்டிப்பு என்றால் ஆண்டுக்கு சுமார் 26 சதவீதம். அவ்வளவு லாபம் நிஜமாகவே வரும் தொழில் என்றால் 14 சதவீதத்துக்கு வங்கியிலேயே கடன் வாங்கி அவனே சம்பாதித்துக்கொள்ளலாமே, பெரியப்பாவின் ஓய்வுப் பணம் எதற்கு? முதல் கடனில் ஒரு தவணைகூடக் கட்டாதவன் இரண்டாவதை இரட்டிப்பாகத் தருவான் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அந்த முதல் கடன் உங்கள் பெயரில் இருக்கிறது, வங்கியைப் பொறுத்தவரை அது உங்கள் கடன்தான். அதை அவனுக்குக் கொடுத்த அன்பளிப்பாக நினைத்து முடித்துவிடுங்கள். 42 தவணையும் கட்டினால் 924 போகும், ஓய்வுப் பணம் வந்ததும் அடைத்தால் அசல் பாக்கி சுமார் 730. முன்கூட்டி முடிக்கும் கட்டணம் ஏதாவது இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள், அப்படியும் மிச்சம்தான். 14 சதவீதத்தை நிச்சயமாகத் தரும் முதலீடு எங்கேயும் இல்லை, அந்தக் கடனை அடைப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும் சிறந்த முதலீடு.

நோட்டில் ஒரு பெயருக்கு எதிரே ‘ஜாமீன் மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ‘மட்டும்’ என்று எதுவும் இல்லை சார். அவர் கட்டாவிட்டால் வங்கி உங்களிடம் வரும். வேறு ஜாமீன்தாரரை மாற்றித் தரும்படி அவரிடம் இப்போதே கேளுங்கள். வங்கி சம்மதித்தால்தான் நீங்கள் விடுபட முடியும், அதனால் நீங்கள் வேலையில் இருக்கும்போதே பேச்சை ஆரம்பிப்பது நல்லது.

அப்புறம் அந்தக் காப்பீடு. ‘உத்தரவாத வருமானம்’ என்ற பெயரில் வருபவை இப்போது எல்லோர் கைக்கும் வந்துவிட்டன, எனக்கு அவற்றின் மேல் பொறுமை குறைந்துவிட்டது. 7 வருடம் பிரீமியம் கட்டி, 10 வருடம் கழித்துப் பணம் வாங்கும் திட்டத்தை 60 வயதில் சம்பளம் நிற்கப்போகும் ஒருவரிடம் விற்பது தவறு. நடுவில் நிறுத்தினால் சரண்டர் தொகை என்று கட்டியதில் ஒரு பகுதிதான் வரும். எந்த வருடம் எவ்வளவு கட்டுவது, எந்த வருடம் எவ்வளவு வருவது என்று ஒரு தாளில் எழுதி நீங்களே வட்டி விகிதத்தைக் கண்டுபிடியுங்கள், உங்களுக்கு அது பத்து நிமிட வேலை. நிறைய வருடங்களுக்குப் பிறகு உங்களைத் தேடி வந்த ஒரே மாணவர் அவர் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. அவரை இன்னொரு நாள் வரச்சொல்லுங்கள், விண்ணப்பத் தாள் இல்லாமல்.

இப்போது மறுபக்கம். 4,000இல் கடனுக்கு 730, அவசரத்துக்கு ஆறு மாதச் செலவாக 300 எடுத்துவைத்தால் மீதி சுமார் 2,970. உங்கள் துண்டு மாதம் 5 ஆகக் குறைந்துவிடும், வருடத்துக்கு 60. அதாவது சேமிப்பில் 2 சதவீதம். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் அந்த நாட்டுச் சந்தை வரலாற்றை வைத்துப் போட்ட கணக்கில், முதல் வருடம் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டே போனாலும் பணம் 30 வருடம் தாங்கியது. அது பாதியோ அதற்கு மேலோ பங்குகளில் வைத்திருந்தவர்களுக்கான கணக்கு, எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் உங்களுக்குத் தேவை அதில் பாதிதான், உங்கள் ஓய்வூதியமும் விலைவாசியோடு ஏறும் வகை. அதனால் பெரிய லாபம் தேடி எங்கேயும் ஓட வேண்டாம். பாதுகாப்பான வைப்புகளில் வெவ்வேறு முதிர்வுத் தேதிகளாகப் பிரித்துப் போட்டு, பங்குகளில் சிறு பகுதி மட்டும் வைத்தால் போதும்.

பரிசு நிதியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 300ஐ இப்போதே பூட்டாமல், வருடத்துக்கு 5 செலவில் ஒரு மாணவருக்கு நீங்களே நேரில் கொடுங்கள். முதல் மதிப்பெண்ணுக்கு வேண்டாம், கணக்கில் தோற்றுத் தோற்று எழுந்து வந்த பிள்ளைக்குக் கொடுங்கள். நிரந்தர நிதியை உயிலில் எழுதிக்கொள்ளலாம், உங்களுக்கும் மனைவிக்கும் பிறகு மிஞ்சுவதிலிருந்து போகட்டும்.

இந்த வாரம் வங்கிக்குப் போய், கடனை முழுதாக அடைக்க எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடைத்த பிறகு பாக்கி இல்லை என்ற சான்றையும் விடாமல் வாங்குங்கள். தம்பி மகனிடம், “பணம் எல்லாம் உன் பெரியம்மா பெயரையும் சேர்த்துப் போட்டுவிட்டேன், அவளைக் கேட்காமல் எடுக்க மாட்டேன்” என்று சொல்லுங்கள். அது உண்மையாக இருக்க வேண்டும், அதனால் அதற்கு முன்னால் அந்த நோட்டை மனைவியிடம் காட்டிவிடுங்கள். 11 பெயரையும் நீங்களே வாசித்துச் சொல்லுங்கள்.