வாசகர் கேள்வி பதில்: ட்விஸ்ட் ரேட் எதை எடுக்குறது?

கேள்வி: நான் அமெரிக்காவுல இருக்கேன் சார். 223 ரெமிங்டன் தோட்டா போடுற ரைஃபிள் வாங்கலாம்னு பாத்தா ஒரு பேரல்ல 1:12ன்னு இருக்கு, இன்னொண்ணுல 1:9, வேறொண்ணுல 1:7. கடைக்காரர் "வெயிட்டான புல்லட்டுக்கு வேகமான ட்விஸ்ட்"னு மட்டும் சொல்றார். அவ்வளவுதானா?

பதில்: அவர் சொன்னது பாதி சரி. புல்லட் தடுமாறாம நேரா போகணும்னா சுத்திக்கிட்டே போகணும், அதுக்காக பேரலுக்குள்ள சுருளா பள்ளம் வெட்டியிருப்பாங்க, அந்தச் சுருளோட அளவுதான் ட்விஸ்ட் ரேட். 1:7ன்னா பேரலுக்குள்ள 7 இன்ச் நகர்றதுக்குள்ள புல்லட் முழுசா ஒரு சுத்து சுத்திடும், 1:12ன்னா அதுக்கே 12 இன்ச் வேணும், அதனால ரெண்டாவது நம்பர் சின்னதாக ஆக சுத்துற வேகம் கூடும். ஆனா வெயிட்டை விட நீளம்தாங்க முக்கியம். 1879ல இங்கிலாந்துக்காரர் கிரீன்ஹில் போட்ட ஃபார்முலாவை எளிமையா எழுதுனா அதுல புல்லட்டோட குறுக்களவும் நீளமும்தான் வரும். ஈயத்தை விட செம்பு லேசு, அதனால முழு செம்புல செஞ்ச 62 கிரெயின் (கிரெயின்ங்கறது புல்லட்டோட எடை அளவு) புல்லட், ஈயம் வெச்ச 62 கிரெயினை விட நீளமா இருக்கும், அதுக்கு இன்னும் வேகமான ட்விஸ்ட் வேணும். டப்பால வெயிட்டை மட்டும் பாத்து வாங்குறவங்க இங்கதான் மாட்டிக்கிறாங்க.

அமெரிக்க ராணுவத்தோட எம்16 ரைஃபிள் கதையைப் பாத்தாலே எல்லாம் புரிஞ்சிடும். முதல்ல 1:14 பேரல்தான் வெச்சாங்க, கடுங்குளிர்ல காத்து அடர்த்தியாகி 55 கிரெயின் புல்லட் தடுமாறுனதும் 1:12க்கு மாத்துனாங்க. அப்புறம் 1980கள்ல அதுல புது மாடல் எம்16ஏ2 வந்தப்போ 1:7. அந்த மாடலோட 62 கிரெயின் புல்லட்டுக்கு 1:9ஏ போதும், ஆனா கூடவே சுடுற ட்ரேசர் (போற வழி கண்ணுக்குத் தெரிய எரிஞ்சுக்கிட்டே போறது) புல்லட் ரொம்ப நீளம், அதுக்காகத்தான் 1:7 வரைக்கும் போனாங்க.

உங்களுக்கும் அதே கணக்குதான், நீங்க சுடப்போறதுலயே நீளமான புல்லட் எதுவோ அதை வெச்சு முடிவு பண்ணுங்க. 55 கிரெயின் மட்டும்னா 1:12 போதும், 62 வரைக்கும்னா 1:9 நல்லாவே போகும், 77 கிரெயின் மேட்ச் (போட்டிக்கான) புல்லட் ஆசை இருந்தா 1:8 இல்ல 1:7. ஒரே ரைஃபிள்ல எல்லாம் வேணும்னா நான் 1:8தான் சொல்லுவேன். 1:7ல செகண்டுக்கு 3000 அடி வேகத்துல போற புல்லட் நிமிஷத்துக்கு 3 லட்சம் தடவைக்கு மேல சுத்துது, மெல்லிசான உறை போட்ட சின்ன வார்மின்ட் (தொல்லை பண்ற சின்ன விலங்குகளைச் சுடுறதுக்கான) புல்லட்டா இருந்தா காத்துலயே செதறிப்போகவும் வாய்ப்பு இருக்கு.

கேள்வி: என் 22 ரைஃபிள்ல 60 கிரெயின் சப்சானிக் (ஒலியை விட மெதுவா போற) தோட்டா போட்டு சுட்டா பேப்பர்ல ஓட்டை ரவுண்டா இல்லாம நீட்டமா விழுது. பேரல் தேஞ்சிடுச்சா?

பதில்: பேரல் மேல சந்தேகப்படுறதுக்கு முன்னாடி தோட்டாவை மாத்திப் பாருங்க. 22 எல்ஆர் (22 லாங் ரைஃபிள் தோட்டா) பேரல் பெரும்பாலும் 1:16, அது 40 கிரெயினுக்கு ஏத்தது. 60 கிரெயின் நீளம் ஜாஸ்தி, அதுக்கு 1:9 மாதிரி பேரல் வேணும், உங்களோடதுல அது நேரா நிக்காம புரண்டு பக்கவாட்டுல போய் பேப்பர்ல அடிக்குது. 40 கிரெயின்ல ஓட்டை ரவுண்டா விழுந்தா பேரல்ல குறை இல்ல. சப்ரசர் (பேரல் முனையில மாட்டுற, சத்தத்தைக் குறைக்குற குழாய்) மாட்டியிருந்தீங்கன்னா அந்த 60 கிரெயினை தயவுசெஞ்சு இனிமே போடாதீங்க, புரளுற புல்லட் உள்ள இருக்குற தடுப்புல மோதிடும்.