தொட்டால் வலிக்கும் என்கிறார்

எனக்கு 46 வயது. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. கணவர் ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறார். கேட்டால், "தொட்டால் உனக்கு வலிக்கும்" என்கிறார். இந்த நிலைமையில் ஆசை வருவதே தப்போ?
- ஈசூன் வாசகி

தப்பே இல்லை. பரவிய நோயோடு பல ஆண்டுகள் வாழ்பவர்கள் இன்று நிறையப் பேர். அத்தனை காலமும் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைக்க முடியுமா? கணவர் பயப்படுகிறார் என்றே எனக்குப் படுகிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவரையும் அழைத்துப் போங்கள். எந்த எலும்பில் பாரம் விழக்கூடாது என்று அவர் காதுபடக் கேளுங்கள். முதுகெலும்பு, இடுப்பு, தொடை எலும்பு என்றால் உடலை முறுக்குவதும் மேலே பாரம் கொடுப்பதும் வேண்டாம். பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொண்டால் பலருக்குச் சௌகரியம். மருத்துவர் தந்த வலி மாத்திரையை எவ்வளவு நேரம் முன்னதாகப் போடலாம் என்றும் கேட்டுவிடுங்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் நாட்களில் உடலுறவைத் தவிர்க்க வேண்டும். திடீரென முதுகு வலித்து, கால் மரத்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நாலறை வீட்டில் மாமியார், பிள்ளைகள், பணிப்பெண் எல்லாரும் இருக்க, தனிமைக்கு எங்கே போவது என்றும் எழுதியிருந்தீர்கள். உடலுறவு பிறகு இருக்கட்டும். முதலில் அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு அறைக்குள் வரட்டும்.

லெட்ரோசோல் சாப்பிடுகிறேன். உறவின்போது காய்ந்து எரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?
- பிடோக் வாசகி

மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் அந்த மாத்திரை, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை வெகுவாகக் குறைத்துவிடும். உள்தோல் மெலிந்து காய்வது அதனால்தான். மருந்துக்கடையில் இரண்டு பொருள் கிடைக்கும். ஈரப்பதம் தரும் ஜெல்லை உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் இரண்டு மூன்று முறை போட வேண்டும். வழவழப்பு ஜெல் உறவு நேரத்துக்கு மட்டும். இரண்டையும் வாசனை சேர்க்காததாக வாங்குங்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் ஆணுறை நைந்து கிழியக்கூடும். கீமோவும் எடுப்பவர் என்றால், அந்த மருந்து உடல் திரவங்களில் சில நாள் தங்கும் என்பதால் அப்போது ஆணுறை அவசியம். எத்தனை நாள் என்று தாதியிடம் கேளுங்கள். ஈஸ்ட்ரோஜன் கிரீமை மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கணவருக்குத் தொற்றுமா? கதிரியக்கம் வேறு எடுக்கிறேன்.
- உட்லண்ட்ஸ் வாசகி

உடலுறவால் புற்றுநோய் தொற்றாது. வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உங்கள் உடலில் தங்குவதும் இல்லை. கட்டிப்பிடிக்கலாம்.

சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் அண்ணன் மகள் கல்யாணம். ஒரு மார்பகம் இல்லை, முடியும் இல்லை. போகவே கூச்சமாக இருக்கிறது.
- ஜூரோங் வாசகி

செயற்கை மார்பகத்தைச் செருக ரவிக்கையின் உட்புறம் ஒரு பை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். பஞ்சு மார்பகம் லேசானது, மேலே ஏறிக்கொள்ளும். புண் நன்றாக ஆறியிருந்தால் சிலிக்கானில் செய்தது கனமாக, இடத்தில் நிற்கும். நம்மூர் புழுக்கத்தில் விக் அரிக்கிறதா? சேலைக்கு ஏற்ற பருத்தித் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். கீமோவில் தோல் காய்ந்திருந்தால் ஸ்டிக்கர் பொட்டின் பசை புண்ணாக்கும், கவனம். கூச்சம் வீட்டை விட்டே வெளியே விடவில்லை என்றால் சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கத்தில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், பேசிப் பாருங்கள். அப்புறம், பந்தியில் "என்னாச்சு உனக்கு?" என்று கேட்கும் அத்தைக்கெல்லாம் மருத்துவ அறிக்கை வாசிக்க வேண்டியதில்லை. "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.