எந்த முட்டை வாங்கலாம்?

வாசகர் கேள்விகளுக்குத் திருகோணமலையிலிருந்து ஓய்வுபெற்ற கால்நடைப் போதனாசிரியர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: கடையில் வெள்ளை முட்டை, சிவப்பு முட்டை, 'ஊர் முட்டை' என்று மூன்று விலை சொல்கிறார்கள். கோழியை வதைக்காமல் எடுத்த முட்டை எது? (வாசகி, உவர்மலை)

நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது தங்கச்சி. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால் வருவது. சிவப்பு முட்டை இடுகிற லேயர் கோழியும் (முட்டைக்கென்றே பண்ணையில் வளர்க்கும் இனம்) கம்பிக் கூட்டுக்குள்ளேயே காலம் தள்ளலாம். 2022 ஓகஸ்ட்டில் அரசாங்கம் உச்ச விலை போட்டபோது வெள்ளைக்கு 43 ரூபாய், சிவப்புக்கு 45 ரூபாய். கூடுதலான அந்த இரண்டு ரூபாயில் கோழிக்கு ஒரு சுகமும் கிடைக்கவில்லை.

'ஊர் முட்டை' என்ற பேரையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அசல் ஊர்க்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்குப் படுத்துவிடும். பிறகு குஞ்சு மேய்க்கப் போய்விடும். லேயர் கோழியோ வருடத்துக்கு ஏறக்குறைய 300 முட்டை இடும். ஆகவே தட்டுத் தட்டாக, ஒரே அளவில், ஒரே நிறத்தில் தினமும் 'ஊர் முட்டை' வருகிறதென்றால் கடைக்காரரிடம் நாலு கேள்வி கேளுங்கள். அசல் சரக்கு சிறிசும் பெரிசுமாக, வெள்ளையும் சந்தன நிறமுமாகக் கலந்துதான் வரும். மஞ்சட் கருவும் சாட்சி சொல்லாது. கீரையும் சோளமும் தின்றால் கருவின் நிறம் கடுக்கும். தீனியில் நிறமி கலந்தாலும் கடுக்கும்.

கேட்க வேண்டியது ஒன்றுதான்: கோழி எங்கே நிற்கிறது? முட்டையிடப் போகிற பேடு மறைவான மூலை தேடி அலையும். மண்ணில் புரண்டு குளிக்கும். பொழுதுபட்டால் உயரத்தில் ஏறி அடையும். கம்பிக் கூட்டில் இந்த மூன்றும் இல்லை. செட்டையை விரிக்கவும் இடம் போதாது. நடமாட்டம் இல்லாமல், உடம்பின் கல்சியமும் ஓட்டுக்கே போவதால், எலும்பு பலமிழந்து முறியும். கூட்டிலிருந்து வெளியே எடுக்கும்போதே கால் முறிந்த கோழிகளைப் பார்த்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால், உமி பரப்பிய கொட்டிலில் வளர்ப்பவரிடம் வாங்குவேன். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. மாரி மழையில் உமி நனைந்தால் அமோனியா கிளம்பிக் கோழியின் கண்ணை எரிக்கும், பாதம் புண்ணாகும். கொட்டில் வாசலில் நின்று பாருங்கள். உங்களுக்கே மூக்கைப் பொத்த வேண்டி வந்தால் அங்கே வாங்க வேண்டாம்.

கேள்வி: லண்டனில் இருக்கும் அக்கா அங்கே முட்டையிலேயே இலக்கம் அடித்திருக்கும் என்கிறார். அதை நம்பலாமா? (வாசகர், நிலாவெளி)

நம்பலாம், ஆனால் விளங்கிக்கொண்டு நம்ப வேண்டும். முதல் இலக்கம் 0 என்றால் இயற்கை முறைப் பண்ணை, 1 வெளியில் மேய்வது, 2 கொட்டில், 3 கூடு. ஐரோப்பிய ஒன்றியம் பழைய வெறுங்கூட்டை 2012 ஜனவரி முதல் தடை செய்தது. அதில் ஒரு கோழிக்கு 550 சதுர சென்ரிமீற்றர், அதாவது ஏ4 தாளைவிடக் குறைவு. இப்போது 3 என்று வருவது 750 சதுர சென்ரிமீற்றரும், இருக்கக் கம்பும், முட்டையிட மறைவும் உள்ள கூடு. கூடு கூடுதான். 1 என்றால் கோழி ஒன்றுக்கு வெளியே 4 சதுர மீற்றர் நிலம் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் அடைத்த கொட்டிலில் வாசலைத் தாண்டாத கோழிகளும் உண்டு.

இன்னொன்றும் அக்காவுக்குச் சொல்லுங்கள். லேயர் இனத்துச் சேவற்குஞ்சு முட்டையும் இடாது, இறைச்சியும் வைக்காது. அதனால் பொரித்த அன்றே கொன்றுவிடுவதுதான் பொரிப்பகங்களின் பொது வழக்கம், இலக்கம் எதுவானாலும். ஜெர்மனி 2022இல் அதைத் தடை செய்தது.

கேள்வி: கச்சான் காற்று வீசும் மாதங்களில் முட்டை ஓடு மெலிந்து உடைகிறதே, கலப்படமா? (வாசகி, தம்பலகாமம்)

இல்லை, வெக்கைதான் காரணம். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி இளைக்கும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து, ஓடு கட்டத் தேவையான காபனேற்றும் குறைகிறது. தீனும் குறைவாகத் தின்னும். தகரக் கூரைக்குமேல் கிடுகு போடுகிற பண்ணைக்காரர் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

கேள்வி: வளவில் நாலு கோழி விட்டு வளர்த்தால் பிரச்சினை தீர்ந்ததுதானே? (வாசகர், லிங்கநகர்)

இராணிக்கெற் என்ற கோழித் தொற்றுநோய்க்குத் தடுப்பூசி போடாமல் விட்டு, நோயும் வந்துவிட்டால் ஒரு கிழமைக்குள் நாலும் போய்விடலாம். அதுவும் வதைதான் ஐயா. மிருக வைத்திய அலுவலகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள். இரவில் கீரியும் மரநாயும் நுழையாதபடி கூட்டைப் பூட்டுங்கள், விடிந்ததும் திறந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்திக்கு வேலியும் உங்கள் செலவு.