ஆடித் தள்ளுபடியில் கூட்டம் வந்தது, காசு நிற்கவில்லை

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். போன ஆடியில் கடை முழுக்க 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தேன். நல்ல கூட்டம். ஆனால் லாபம் வழக்கத்தைவிடக் குறைவு. தீபாவளி வியாபாரமும் படுத்துவிட்டது. இந்த ஆடிக்கும் போர்டு வைக்கலாமா?
- ஜவுளிக்கடைக்காரர், கடலூர்

பதில்: வையுங்கள், ஆனால் கடை முழுக்க வேண்டாம். 700 ரூபாய் கொள்முதல் சேலையை 1,000க்கு விற்றால் 300 நிற்கும். 20 சதவீதம் குறைத்தால் 100தான். பழைய லாபத்தைத் தொடவே ஒரு சேலை போன இடத்தில் மூன்று போக வேண்டும்.

தீபாவளி படுத்ததற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். ஐப்பசியில் எடுக்க வேண்டிய துணியை, மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆடியிலேயே எடுத்துப் பீரோவில் வைத்துவிடுவார்கள். வருடா வருடம் இப்படிக் கொடுத்தால் 800தான் சரியான விலை என்று மனதில் பதிந்துவிடும். ஆனியில் 1,000 சொன்னால், "ஆடிக்கு வரேன்" என்று போய்விடுவார்கள்.

ஆறு மாதமாக அசையாத சரக்கை மட்டும் பிரித்தெடுங்கள்: மடிப்பில் வெளுத்த சேலை, ஒரே சைஸ் மிஞ்சிய சுடிதார். வெளுப்பை மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும். 40 சதவீதம் கொடுத்து அசலில் 100 போனாலும் பரவாயில்லை, முடங்கிய 600 தீபாவளிக் கொள்முதலுக்குத் திரும்பும். அந்த ரேக் கடையின் உள்கோடியில் இருக்கட்டும். போகிற வழியில் புதுச் சரக்கு கண்ணில் படும்.

பழைய விலையை அடித்துப் பக்கத்தில் புது விலை எழுதுங்கள். முதலில் கண்ட எண்ணை வைத்தே மனம் அடுத்ததை எடைபோடும். 1974-ல் உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் ஆய்வில் காட்டியது இதைத்தான். அதனாலேயே, அடிக்கும் விலை நீங்கள் உண்மையில் விற்ற விலையாக இருக்க வேண்டும். 1,400 என்று ஏற்றி அடிப்பது மோசடி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நடவடிக்கை வரும். பாக்கெட் பனியனில் குறைந்த விலை ஸ்டிக்கர் ஒட்டலாம், அச்சிட்ட எம்.ஆர்.பி. மறையக் கூடாது.

புதுச் சரக்குக்குப் பில் தொகையை வைத்துச் சலுகை கொடுங்கள். சராசரி பில் 1,100 என்றால் அதில் 330 நிற்கும். 1,500க்கு எடுத்தால் 150 தள்ளுபடி என்றால், நிற்க வேண்டிய 450-ல் 150 போய் 300தான் நிற்கும், கைநஷ்டம். அதற்குப் பதில் 60 ரூபாய் அசலுள்ள, 100 ரூபாய்க்கு விற்கும் துண்டைக் கொடுத்தால் 390 நிற்கும். வாங்குகிறவருக்கும் அது 100 ரூபாய்ப் பொருள். விலையில் கொடுக்கும் தள்ளுபடியைப் பில்லிலேயே எழுதுங்கள். அப்போதுதான் குறைத்த விலைக்கு ஜி.எஸ்.டி. கட்டலாம்.