அரச சம்பளம் வாங்கும் விஞ்ஞானி ஊடகத்தோடு பேச முன் அனுமதி கேட்பதில் என்ன தவறு?

எந்த வேலையிலும் மேலிடத்தில் கேட்டுவிட்டுத்தான் வெளியில் பேசுவார்கள், காலநிலை மாற்றம் பற்றிப் பேசும் அரச விஞ்ஞானிக்கு மட்டும் ஏன் விலக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும். நான் கனடாவில் இருக்கிறேன். அந்த அனுமதி முறை இங்கே என்ன செய்தது என்பதை ஓரளவு பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

2012 மார்ச்சில் ரொறன்ரோவில் நம்பமுடியாத வெயில். பனிச்சப்பாத்தைக் கழற்றாத மாதத்தில் வெப்பநிலை 20 பாகையைத் தாண்டிப் பல நாட்கள் நின்றது. ஒன்ராறியோவில் அப்பிள் மரங்கள் வேளைக்கே பூத்துவிட்டன. ஏப்ரலில் உறைபனி திரும்ப வந்து பூக்களைக் கருக்கியதில் மாகாணத்தின் அப்பிள் விளைச்சலில் ஏறக்குறைய 80 சதவீதம் போனது. அப்போது ஒரு சின்னத் தமிழ் வாரப் பத்திரிகைக்குப் பகுதிநேரமாக எழுதிக்கொண்டிருந்தேன். கடையில், கோவிலில், பேருந்தில், எங்கே போனாலும் எங்கள் ஆட்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "இது சும்மா ஒரு வருடக் கூத்தா, இனிமேல் இப்படித்தானா?"

அந்தத் துறையில் ஆய்வு செய்யும் அரச விஞ்ஞானி ஒருவருக்கு மின்னஞ்சல் போட்டேன். அவரிடமிருந்து பதில் இல்லை. ஊடகப் பிரிவிலிருந்து வந்தது: கேள்விகளை எழுதி அனுப்புங்கள். அனுப்பினேன். எங்கள் இதழ் அச்சுக்குப் போய் நாலு நாள் கழித்து, யார் எழுதியது என்ற பெயர்கூட இல்லாமல் நாலு வரி வந்தது. ஒரு பருவத்து வானிலையை வைத்துப் போக்கைச் சொல்ல முடியாதாம். அது சரியான கூற்றுதான். ஆனால் அப்படியென்றால் எதை வைத்துச் சொல்வீர்கள் என்று திருப்பிக் கேட்க அங்கே ஆளில்லை.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். பெரிய பத்திரிகைகளுக்கும் இதேதான் நடந்தது. ஸ்டீவன் ஹார்ப்பர் பிரதமராக இருந்த காலத்தில், 2007இல், கனடாவின் சுற்றாடல் அமைச்சு தன் விஞ்ஞானிகளுக்குப் புதிய ஊடக விதிகளைக் கொண்டுவந்தது. யாரும் பேசக்கூடாது என்று அதில் எழுதவில்லை. ஊடகப் பிரிவின் வழியாக, அனுமதியோடு பேசலாம் என்றுதான் இருந்தது. விளைவு என்ன? காலநிலை மாற்ற அறிவியல் பற்றிய ஊடகச் செய்திகள் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டன என்று அந்த அமைச்சின் உள் ஆவணமே சொன்னது. 2010இல் அது வெளியில் வந்தது. ஒருவரையும் சிறையில் போடாமல், ஒரு ஆய்வையும் தடைசெய்யாமல் இவ்வளவு நடந்திருக்கிறது. செய்திக்கு ஆயுள் ஒரு நாள், இரண்டு நாள். அனுமதி அதற்குப் பிறகு வந்தால் போதும், தடை என்ற சொல்லே தேவையில்லை.

2010இல் ஸ்கொட் டலிமோர் என்ற அரச புவியியலாளரும் சக ஆய்வாளர்களும் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வட கனடாவில் சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் வந்த வெள்ளம் பற்றியது அது. அதைப் பற்றிப் பேசவும் அமைச்சர் அலுவலகத்தின் சம்மதம் வேண்டியிருந்தது. சம்மதம் வந்தபோது நிருபர்களின் நேரம் முடிந்திருந்தது. பனியுகத்து வெள்ளத்தில் எந்த அரசாங்கத்தின் இரகசியம் இருக்கிறது? 2011இல் கிறிஸ்ரி மில்லர் என்ற அரச மீன்வள விஞ்ஞானி, மேற்குக் கனடாவின் பிரேசர் ஆற்றுச் சமன் (சால்மன்) மீன்கள் ஏன் அழிகின்றன என்று 'சயன்ஸ்' இதழில் எழுதினார். அவர் பேட்டி கொடுப்பதைப் பிரதமருக்குத் துணைநிற்கும் உச்ச அலுவலகமே நிறுத்தியது. 2012இல் மொன்றியலில் நடந்த துருவ ஆய்வு மாநாட்டுக்கு வந்த விஞ்ஞானிகளுடன் ஊடக அதிகாரிகளும் வந்தார்கள், யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று கூட நின்று பார்க்க. அந்த வருடம் ஜூலையில் ஒட்டாவாவில் விஞ்ஞானிகள் சவப்பெட்டி தூக்கி ஊர்வலம் போனார்கள், 'சான்றுகளின் மரணம்' என்று சொல்லி. ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வராத மனிதர்களை வீதிக்குக் கொண்டுவந்திருந்தது அரசாங்கம்.

2013இல் அரச விஞ்ஞானிகளின் தொழிற்சங்கம் எடுத்த கணக்கெடுப்பில் 4,000க்கு மேற்பட்டவர்கள் பதில் சொன்னார்கள். 90 சதவீதம் பேர் ஊடகங்களுடன் சுதந்திரமாகப் பேச முடியாது என்று உணர்ந்தார்கள். என்னை அதிகம் உறுத்தியது இன்னொரு எண்: அறிவியலோடு சம்பந்தமில்லாத காரணங்களுக்காகத் தகவலை நீக்கவோ மாற்றவோ தங்களிடம் சொல்லப்பட்டது என்றவர்கள் 24 சதவீதம். நாலு பேரில் ஒருவர்.

உங்கள் வாதத்தில் ஒரு பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். கரியமில வரி போடலாமா, எண்ணெய்க் குழாய்ப்பாதை வேண்டுமா என்பதில் அரச ஊழியர் பதவியின் பெயரால் அரசியல் பேசக்கூடாது. அதை முடிவுசெய்யத்தான் வாக்குப் போடுகிறோம். ஆனால் பனி எவ்வளவு கரைந்தது, கடல் எவ்வளவு சூடாகியது என்பது கொள்கை இல்லை, அளவீடு. அதற்கான சம்பளம் அமைச்சரின் பையிலிருந்து போகவில்லை. குளிர்காலத்தில் இரண்டு வேலை செய்து வரி கட்டும் எங்கள் ஆட்களின் காசும் அதில் இருக்கிறது.

2015 நவம்பரில் புதிய அரசு வந்த கையோடு அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தது. அடுத்த வருடம் விஞ்ஞானிகளின் தொழிற்சங்க ஒப்பந்தத்திலேயே பேசும் உரிமை எழுதப்பட்டது. இதை நல்ல வேலை என்பேன். அறிவிப்பை அடுத்த அமைச்சர் மாற்றலாம், ஒப்பந்தத்தை அவ்வளவு இலேசில் மாற்ற முடியாது.

கட்டுப்பாடு போன 2015இன் டிசம்பரில், கிறிஸ்மஸுக்கு முதல் நாள், ரொறன்ரோவில் 15 பாகையைத் தாண்டியது. ஜனவரியில் பழைய பழக்கத்தில் வேறொரு அரச விஞ்ஞானிக்கு எழுதினேன். மறுநாள் அவரே தொலைபேசி எடுத்தார். பசிபிக் கடல் சில வருடங்களுக்கு ஒருமுறை வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ இந்த முறை பலமாக இருந்தது, அதன் பங்கு பெரியது, ஆனால் அது ஏறி நிற்கும் அடித்தளமே முன்பைவிடச் சூடாகிவிட்டது என்று விளக்கினார். எல் நினோ இல்லாத வருடத்தில் என்ன நடக்கும் என்று இடையில் கேட்டேன். "நல்ல கேள்வி, கொஞ்சம் பொறுங்கள், வரைபடத்தைத் திறக்கிறேன்" என்றார்.