கோலிக்கும் ஒரு மாலை: வாசகர் கேள்வி பதில்

போன வாரம் ஒரு பதில்ல போற போக்குல "ஜெர்மனில ஒரு செகண்ட் டிவிஷன் டீம் அந்த நாட்டு கப்பையே தூக்கிட்டு போயிருக்கு"ன்னு ஒரே ஒரு வரிதான் எழுதினேன். அதுக்கு மெயிலு, வாட்ஸ்அப்பு, ஒரு ஐயா போஸ்ட் கார்டே போட்டுட்டாரு. அதனால கிரிக்கெட் கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, இந்த வாரம் பூரா ஃபுட்பால்தான்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர்: அண்ணே, செகண்ட் டிவிஷன் டீமு எப்டிண்ணே நேஷனல் கப்பு அடிக்கும்? எந்த டீமு, எந்த வருஷம்னு சொல்லுங்க, சும்மா அடிச்சு விடாதீங்க.

அடிச்சு விடல தம்பி. டீம் பேரு ஹனோவர் 96, சீசன் 1991-92. ஃபைனல் 1992 மே 23, பெர்லின் ஒலிம்பிக் ஸ்டேடியம், எதிர்ல பொருசியா மன்ஷன்கிளாட்பாக், அதாவது எழுபதுகள்ல அஞ்சு தடவ லீக் சாம்பியன் ஆன டீமு. 120 நிமிஷம் ஓடியும் கோலே இல்ல, 0-0, அப்புறம் டை பிரேக்கர்ல (ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி பெனால்டி அடிக்கிறது) 4-3னு ஹனோவர் அடிச்சுது. லீக்ல இவனுங்க அந்த வருஷம் ரெண்டாவது டிவிஷன்ல யாருக்கும் தெரியாம ஆடிக்கிட்டிருந்தானுங்க, சாயங்காலம் கப் மேட்ச் வந்தா மட்டும் சாமி வந்த மாதிரி ஆடுவானுங்க போல.

வேளச்சேரி, ஐடி ஊழியர்: டிரா ஈஸியா விழுந்திருக்கும் சார். சின்ன சின்ன டீமா வந்து ஃபைனல் வரைக்கும் போயிருப்பாங்க. லக்குதானே?

நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன், வழியில யார் யார் இருந்தாங்கன்னு பாத்ததும் வாய மூடிக்கிட்டேன். போஹும், டார்ட்மண்ட், கார்ல்ஸ்ரூஹ, வெர்டர் பிரெமன், கடைசில கிளாட்பாக், இந்த அஞ்சு பேருமே அப்ப ஃபர்ஸ்ட் டிவிஷன். நடுவுல ஊர்டிங்கன்னு ஒரு டீமு மட்டும் இவங்க கூடவே செகண்ட் டிவிஷன்ல ஆடினது, அதுவும் அந்த சீசன் முடிஞ்சதும் மேல போயிடுச்சு. இதுல டார்ட்மண்ட் யாருன்னா அந்த வருஷம் லீக்ல ரெண்டாவது வந்தவன், ஸ்டுட்கார்ட்டும் அவனும் பாயிண்ட்ல சமம், கோல் கணக்குலதான் டைட்டில் போச்சு. பிரெமன் யாருன்னா முந்தின வருஷம் இதே கப்ப அடிச்சவன், ஹனோவர்கிட்ட செமில தோத்து ஒரு மாசம் கழிச்சு லிஸ்பன்ல மொனாக்கோவ 2-0 அடிச்சு ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கப்பையே (அவங்கவங்க நாட்டு கப்ப அடிச்ச டீமுங்க மோதுறது) தூக்கிட்டு வந்தவன். ஐரோப்பா கப்ப தூக்குற அளவு ஃபார்ம்ல இருந்தவன் உள்ளூர் செகண்ட் டிவிஷன் டீம்கிட்ட உதை வாங்கியிருக்கான், இத லக்குன்னு ஒரே வார்த்தையில முடிக்க எனக்கு மனசு வரல.

ஆனா உங்க பேச்சுல பாதி சரி. லீக்ல ரெண்டு தடவ மோதணும், வருஷம் பூரா ஆடணும், அங்க பெரிய டீம்தான் மேல வரும், காசும் பெஞ்சும் பேசும். கப்புல ஒரே மேட்ச், தோத்தா மூட்டைய கட்டு. நம்ம தெருவுல ஒரே ஓவர் மேட்ச் போட்டா எட்டாங்கிளாஸ் பையன் கூட காலேஜ் பையன அவுட் பண்ணிடுவான்ல, அது மாதிரிதான்.

ராயபுரம், லோக்கல் டீம் கோல் கீப்பர்: சார், செமில கீப்பரே பெனால்டி அடிச்சு ஜெயிச்சாராமே?

இந்த கேள்விக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன். நானும் கோலிதான் தம்பி (விராட் இல்ல, கோல் போஸ்ட்டுக்கு நடுவுல நிக்கிற கோலி), பெரம்பூர் பக்கம் எண்பதுகள்ல ஆடினேன்.

அவரு பேரு யோர்க் சீவர்ஸ். ஊர்ல "கோல்ட்"டுன்னு கூப்புடுவாங்க, தங்கம்னு நெனச்சுக்காதீங்க, துப்பாக்கி கோல்ட். அமெரிக்க டிவி சீரியல் ஒண்ணுல கோல்ட் சீவர்ஸ்னு ஒரு ஸ்டன்ட்மேன் கேரக்டர் வரும், ஜெர்மனில செம ஹிட்டு, குடும்பப் பேரு கேக்க ஒரே மாதிரி இருக்கவும் பசங்க ஒட்ட வெச்சுட்டானுங்க. செமி ஃபைனல் ஹனோவர்லயே நடந்துது, பிரெமன் பக்கத்து ஊர்க்காரன் வேற, 1-1ல நின்னு டை பிரேக்கர். அதுல சீவர்ஸ் ஒண்ண தடுத்தாரு, அப்புறம் அவரே பந்த எடுத்து வெச்சு அடிச்சு டீம ஃபைனலுக்கு கூட்டிட்டு போனாரு.

அது எப்பேர்ப்பட்ட வேலைன்னு எனக்கு தெரியும், ஏன்னா நான் அத பண்ணி அசிங்கப்பட்டவன். ஒரு செவன்ஸ் டோர்னமென்ட், மழை விட்ட சாயங்காலம், கோடு எல்லாம் பிளீச்சிங் பவுடர்ல போட்டது கரைஞ்சு ஓடுது, பெனால்டி ஸ்பாட் எதுன்னே தெரியல, ரெஃப்ரி செருப்புக் காலால தேய்ச்சு ஒரு பள்ளம் காட்டுறாரு. நான் ரெண்டு தடுத்துட்டேன், கை எல்லாம் எரியுது, அஞ்சாவது ஷாட் அடிக்கிறவனுக்கு கெண்டைக்கால் புடிச்சுக்கிச்சு, கேப்டன் என்ன பாத்து "நீயே அடிச்சுடுடா"ன்னாரு. கிளவுஸ கழட்டலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே ஓடி வந்தேன். பந்து பாருக்கு மேல ஒரு ஆள் உயரம் போய் பின்னாடி முள்ளுப் பொதருக்குள்ள விழுந்துது, அத தேடி எடுக்கவே பத்து நிமிஷம் ஆச்சு. தடுத்துட்டு வந்தவனோட உடம்பு வேற மாதிரி இருக்கும், பந்துக்கு எதிர்ல பாயணும்னே நிக்கும், அந்த உடம்ப ஒரே நிமிஷத்துல அடிக்கிற உடம்பா மாத்தணும். சீவர்ஸ் அத ஊரே திரண்டிருந்த ஸ்டேடியத்துல பண்ணாரு, எனக்கு இருந்தது ஒரு நூறு பேரும் ஒரு சுண்டல் வண்டியும்தான்.

அதே ராயபுரம் நண்பரோட அடுத்த கேள்வி: அப்ப ஃபைனல்ல?

ஃபைனல்ல கத இன்னும் நல்லா இருக்கும். எதிர்ல கிளாட்பாக் கோலி ஊவ காம்ப்ஸ், அவரு தன்னோட செமில லெவர்குசன் அடிச்ச நாலு பெனால்டியையும், ஆமாங்க, நாலையும் தடுத்துட்டு வந்திருந்தாரு. டை பிரேக்கர்னு ஆனதும் கிளாட்பாக் ரசிகன் எல்லாம் கப்பு நம்மளுதுன்னு முடிவே பண்ணியிருப்பான். ஆனா சீவர்ஸ் ஃப்லிப்சன் அடிச்சதையும் ஃபாக் அடிச்சதையும் தடுத்தாரு, கடைசி அடி மிக்கேல் ஷோன்பெர்க்னு ஒரு டென்மார்க் ஆளு, உள்ள போட்டாரு, முடிஞ்சுது. கேப்டன் கார்ஸ்டன் சுர்மன் கப்ப தூக்கினாரு. கோச் மிக்கேல் லோர்கோவ்ஸ்கி. அடுத்த மாசம் ஸ்வீடன்ல நடந்த யூரோல, கடைசி நேரத்துல யுகோஸ்லாவியாவுக்கு பதிலா கூப்பிட்ட டென்மார்க் ஜெர்மனியவே ஃபைனல்ல 2-0 அடிச்சுது, அந்த கோடை டென்மார்க்காரனுக்கும் சின்ன டீமுக்கும் எழுதி வெச்சது போல.

போரூர் வாசகி: 120 நிமிஷம் கோலே இல்லாத ஃபைனலா? தூக்கம் வராதா?

வரும். அதுக்கு ஒரு காரணமும் இருக்கு. அப்பல்லாம் டிஃபெண்டர் பின்னாடி கீப்பருக்கு பாஸ் குடுத்தா கீப்பர் கையிலயே எடுக்கலாம், பிரஷர் வந்தா பின்னாடி தள்ளு, கீப்பர் அணைச்சுக்குவாரு, நேரம் ஓடும். அந்த 1992 கோடையிலதான் ரூல மாத்தி காலால குடுத்த பாஸ கையில எடுக்கக் கூடாதுன்னாங்க. அதாவது இந்த ஃபைனல் பழைய ரூல்ல நடந்த கடைசி பெரிய மேட்சுங்கள்ல ஒண்ணு. சின்ன டீமுக்கு அது எவ்ளோ பெரிய கவசம்னு இப்ப ஆடுற பசங்களுக்கு சொன்னா புரியாது.

மயிலாப்பூர், ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் (போஸ்ட் கார்டு போட்டவர் இவர்தான்): அன்புள்ள ஐயா, ஜெயித்த பின் முதல் டிவிஷனுக்கு உயர்த்தப்பட்டார்களா?

இல்ல ஐயா. கப்பு வேற, லீக்கு வேற. நம்ம சென்னை கிரிக்கெட் லீக்ல செகண்ட் டிவிஷன் டீமு ஒண்ணு வெளில எங்கயோ நாக் அவுட் கோப்பை அடிச்சுட்டு வந்தா ஃபர்ஸ்ட் டிவிஷன்ல நாற்காலி போட்டுக் குடுப்பாங்களா, அதே கணக்கு. அப்பல்லாம் கப் அடிச்சவனுக்கு ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கப்ல இடம் கெடைக்கும், கெடைச்சுது. அங்க முதல் ரவுண்டு டிராவுல யாரு வந்தா தெரியுமா, அதே வெர்டர் பிரெமன், நடப்பு சாம்பியன்ங்கிறதால அவனும் உள்ள இருந்தான்! ஐரோப்பா சுத்திப் பாக்கலாம்னு பொட்டிய கட்டினவன பக்கத்து ஊருக்கே அனுப்பி வெச்ச மாதிரி. பிரெமன்ல 3-1 தோத்தாங்க, சொந்த ஊர்ல 2-1 ஜெயிச்சாங்க, மொத்தக் கணக்குல 4-3னு பிரெமன் பழி தீத்துக்கிட்டான்.

அதுக்கப்புறம்தான் கஷ்டம். 1996ல, கிளப்புக்கு நூறு வயசு ஆன அதே வருஷம், மூணாவது டிவிஷனுக்கே இறங்கிட்டாங்க. நூற்றாண்டு விழாவுக்கு கேக் வெட்டுனாங்களோ என்னவோ. மேல வர 2002 ஆச்சு. கப்பு அடிச்சு பத்து வருஷம் கழிச்சு ஃபர்ஸ்ட் டிவிஷன், அப்பவும் சீவர்ஸ் அந்த கிளப்லயே இருந்தாரு.

தாம்பரம், கல்லூரி மாணவர்: 96ன்னா என்ன ப்ரோ? ஜெர்சி நம்பரா?

1896ல ஆரம்பிச்ச கிளப் ப்ரோ.

நுங்கம்பாக்கத்துல ஜெர்மன் கிளாஸ் போற ஒரு வாசகி: எங்க மிஸ் ஹனோவர் டீம "சிவப்பு பசங்க"ன்னு சொன்னாங்க, ஆனா கிளப் கொடில சிவப்பே இல்லையே?

சரியா புடிச்சீங்க. கிளப் கலர் கறுப்பு, வெள்ளை, பச்சை. ஆடுறது சிவப்பு ஜெர்சில. அதனால பேரு "டி ரோட்டன்". ஏன் எதுக்குன்னு லாஜிக் தேடாதீங்க.

இதுவரைக்கும் ஒரு கப்பு அடிச்ச கிளப்னு மட்டும் நெனச்சுடாதீங்க, 1938லயும் 1954லயும் ஜெர்மன் சாம்பியனே ஆனவங்க. 1954 ஃபைனல்ல கைசர்ஸ்லாட்டர்ன 5-1 அடிச்சாங்க, அந்த கைசர்ஸ்லாட்டர்ன்ல இருந்த அஞ்சு பேரு ஆறே வாரம் கழிச்சு உலகக் கோப்பை ஃபைனல்ல ஹங்கேரிய அடிச்ச ஜெர்மன் டீம்ல ஆடினாங்க. அந்த 5-1 மேட்ச் நடந்த தேதியும் மே 23தான். நான் ஜோசியம் பாக்குறவன் இல்ல, ஆனா மே 23 அன்னிக்கு ஹனோவர்காரன்கிட்ட மேட்ச் வெக்காதீங்க.

அசோக் நகர் வாசகர்: போன வாரம் "ஒரு செகண்ட் டிவிஷன் டீம்"னு எழுதினீங்க. 1970ல கிக்கர்ஸ் ஓஃபன்பாக்கும் அடிச்சுதே? திருத்தம் போடுவீங்களா?

போடுறேன், குட்டு வாங்கிக்கிறேன். ஆனா கொஞ்சம் வாதாடவும் செய்றேன். 1969-70 சீசன்ல ஓஃபன்பாக் ரெண்டாவது லெவல்லதான் இருந்துது, அது உண்மை. ஆனா அந்த வருஷம் மெக்சிகோ உலகக் கோப்பை நடந்ததால கப் மேட்சுங்கள தள்ளி வெச்சு ஃபைனல ஆகஸ்ட் மாசம் ஆடினாங்க, அதுக்குள்ள ஓஃபன்பாக் ப்ரமோஷன் வாங்கி ஃபர்ஸ்ட் டிவிஷன்ல உக்காந்திருந்துது. கொலோன 2-1 அடிச்சாங்க. அதனால செகண்ட் டிவிஷன் டீமா இருக்கும்போதே ஃபைனல் ஆடி கப்ப தூக்குனதுன்னா ஹனோவர்தான்னு நான் இன்னும் சொல்லுவேன். உங்களுக்கு ஒரு மிட்டாய் தரேன்: அந்த 1970 ஃபைனல் நடந்த ஊரு எது தெரியுமா? ஹனோவர்!

1970க்கு அப்புறம் பாத்தா, இவங்க ரெண்டு பேரு தவிர வந்த செகண்ட் டிவிஷன்காரன் எல்லாம் வாசப்படில விழுந்தவன்தான். 1987ல ஸ்டுட்கார்ட்டர் கிக்கர்ஸ், 1994ல எஸ்ஸன், 2004ல ஆஹன், 2011ல டூயிஸ்பர்க் (அது 5-0, பாக்கவே பாவமா இருந்துது), 2024ல கைசர்ஸ்லாட்டர்ன், எல்லாரும் ஃபைனல் வரைக்கும் வந்து தோத்தாங்க.

புளியந்தோப்பு வாசகர்: நம்மூர்ல இப்டி நடக்குமா?

மொதல்ல மேலயும் கீழயும் எல்லா டிவிஷன் டீமும் ஒரே கப்புல ஒரே குலுக்கல்ல விழணும். குலுக்கவே இல்லன்னா யாரு யார அடிக்கிறது. சென்னையின் எஃப்சி டீமு ரெண்டு தடவ ஐஎஸ்எல் அடிச்சப்ப ஊரே கொண்டாடுச்சு, சந்தோஷம், ஆனா உங்க தெரு டீமும் சென்னையினும் நேரு ஸ்டேடியத்துல ஒரு நாள் மோதுறத பாக்கத்தான் எனக்கு ஆசை. டிக்கெட் நானே வாங்கித் தரேன்.

கொளத்தூர், ஒரு அம்மா: என் பையனுக்கு 12 வயசு, கோல் கீப்பராதான் நிப்பேன்னு அடம் பிடிக்கிறான். "கோல் அடிக்கிறவனத்தான் எல்லாரும் கொண்டாடுவாங்க"ன்னு அவங்க அப்பா சொல்றாரு. என்ன பண்ணட்டும் சார்?

அவங்க அப்பாகிட்ட இந்தப் பக்கத்த குடுங்க. அப்புறம் பெரியமேடு பக்கம் ஸ்போர்ட்ஸ் கடைக்கு பையனையும் கூட்டிட்டுப் போய் கிளவுஸ் போட்டுப் பாத்து வாங்குங்க, "வளர்ற பையன்"னு ரெண்டு சைஸ் பெருசா மட்டும் வாங்கிடாதீங்க, பந்து நழுவும். ட்ரெய்னிங் முடிஞ்சதும் தினம் பத்து பெனால்டி அடிக்கச் சொல்லுங்க, தடுக்க இல்லம்மா, அடிக்க. டை பிரேக்கருக்கு கோச் அஞ்சு பேரு எழுதும்போது அதுல அவன் பேரும் இருக்கட்டும்.